பென் டிரைவின் ரோஷம்

ஜெராக்ஸ் கடையில் கல்யாணப் பத்திரிகையை அச்செடுத்துவிட்டுத் திரும்பிய பென் டிரைவை வீட்டுக் கணினி வாசலிலேயே நிறுத்தியது.

"வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறக்கிறேன்."

பென் டிரைவுக்குச் சுருக்கென்றது. "இத்தனை வருஷம் பழகியும் என்னைச் சந்தேகப்படுகிறாயா? கடைக் கணினியிடம் ஊரே வந்துபோகிறது. அது ஒருத்தரையும் ஒரு கேள்வி கேட்டதில்லை."

கணினிக்கு வெட்கமாகிவிட்டது. சோதிக்காமலே திறந்தது. சாயங்காலத்துக்குள், அது பத்திரமாக வைத்திருந்த குழந்தையின் படங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. கடைசியில் திரையும் இருண்டது. அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் அலுவலகக் கணினியும் சோதிக்க வேண்டும் என்றது. பென் டிரைவ் கொதித்துப்போனது.

"என்னைப் பற்றி வீட்டுக் கணினியிடம் கேட்டுப் பார். ஒரு வார்த்தை தப்பாகச் சொல்கிறதா பார்ப்போம்."