வாலாட்டிய நாய்

ஒரு மலையூரில் போலீஸ் முகாம்காரர்கள் கொளுத்திய ஏழு குடிசைகளைப் பற்றி எழுதிய செய்தியில், நிருபர் மாசிலாமணி தன் பெயரைப் போடவில்லை. படத்திலிருந்த பெண்களின் முகங்களையும் மறைத்தே அனுப்பினான். அவர்கள் பக்கத்தில் வாலாட்டி நின்ற நாயை மறைக்கத்தான் தோன்றவில்லை.

சந்தேகப்பட்ட முகாம் அதிகாரி அவனை ஜீப்பில் ஏற்றி அந்த மலையூருக்கே கொண்டுவந்து, பத்திரிகையில் வந்த படத்தை நீட்டினார்.

“இந்த நாய் எங்காளுங்க மூணு பேரைக் கடிச்சிருக்கு. படம் புடிச்சவனைப் பாத்து மட்டும் வாலாட்டுதே, எப்படிய்யா?”

“தெரியல சார். நான் இந்த ஊருக்கு வந்ததே இல்ல.”

அப்படியொரு ஆளே தங்களிடம் இல்லையென்று பத்திரிகை ஆபீசில் ஏற்கெனவே கைகழுவிவிட்டார்கள். ஊர்க்காரர்களும் அவனைக் காப்பாற்ற, முன்பின் பார்த்ததில்லை என்று சாதித்தார்கள். எறிந்த குச்சியை எடுத்துவர அவன் பழக்கியிருந்த நாய் மட்டும் கரிந்த கூரைகளுக்கு நடுவிலிருந்து பாய்ந்து வந்தது. மாசிலாமணி குனிந்து ஒரு கல்லை எடுத்து, பலங்கொண்ட மட்டும் எறிந்தான். விலாவில் அடிபட்ட நாய் வீறிட்டுச் சுருண்டது. பிறகு எழுந்து, நொண்டிக்கொண்டே போய் அந்தக் கல்லைக் கவ்வி வந்து அவன் காலடியில் வைத்தது.