டிக்கியில் படுத்தவர்

பழைய காரின் பின் ஆக்சிலில் கேட்கும் டொக் டொக் சத்தம் எந்தப் பக்கத்துச் சக்கரத்திலிருந்து வருகிறது என்று ஓட்டிக்கொண்டே கண்டுபிடிக்க முடியாது என்றார் மெக்கானிக் மயில்ராஜ்.

"நீங்க டிக்கில படுத்துக் கேளுங்க சார். தெரிஞ்சதும் உள்ளேருந்து தட்டுங்க, நிறுத்திடறேன்."

நல்ல ஏற்பாடு என்றே பெனடிக்டுக்கும் பட்டது. போனை முன்சீட்டில் ஏறிக்கொண்ட மனைவி ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு, ஸ்டெப்னியைக் கட்டிக்கொண்டு படுத்தார். மூடி வெளியிலிருந்துதான் திறக்கும்.

தெருமுனை தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது, இடதுபக்கம். ஏதோ ஓட்டை வழியாகப் புகை உள்ளே வருவதும் தெரிந்தது. தட்டினார். கார் வேகமெடுத்தது.

"கேட்டீங்களாக்கா? இப்பதான் நல்லா வாயத் தொறக்குது." சீட்டுக்கு அப்பாலிருந்து மயில்ராஜின் குரல் உற்சாகமாக வந்தது.

"அவரு தட்டுறாரோ என்னவோ தம்பி."

"சாரா? மனுசன் தட்டுனா முன்னப்பின்ன இருக்கும்க்கா. இது கடிகாரம் மாதிரி அடிக்குது பாருங்க. ஆக்சிலேதான். இன்னும் கொஞ்சம் மிதிச்சா தெளிவாயிரும்."

பெனடிக்ட் கத்தப் பார்த்தார், இருமல்தான் வந்தது. சரி, மனுசன் மாதிரியே தட்டிவிடுவோம் என்று முடிவுசெய்தார். ஆனால் அது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காக டிரில் சொல்லிக்கொடுத்த கை. வேண்டுமென்றே ஒரு தட்டைத் தள்ளிப் போட்டார். அடுத்ததும் அதே அளவு தள்ளியே விழுந்தது. அதற்கடுத்ததும்.

முன்னால் மயில்ராஜ் கியர் மாற்றும் சத்தம் கேட்டது.