முப்பத்தெட்டுத் தோல்விகளும் ஒரு காகிதப் பையும்

ஹார்லன் கிரீக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 'வெட்டுக்கிளிகள்' என்று பெயர். தொடர்ந்து முப்பத்தெட்டு ஆட்டங்களில் தோற்றிருந்தது. வெட்டுக்கிளிகளால் யாருக்கும் எந்தச் சேதமும் வராத ஊர் அயோவா மாநிலத்திலேயே அது ஒன்றுதான்.

"அந்தக் கண்றாவியப் பாக்க நான் போவேனா?" ஊரில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். ஆனால் சொந்த மைதானத்தில் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஊரின் மொத்த ஜனத்தொகையே இரண்டாயிரத்துச் சொச்சம்.

காரணம், மளிகைக் கடைக் காகிதப் பை. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்கு ஒரு ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் போதும். இந்த அணியைப் பார்க்க வந்த அவமானம் பைக்குள்ளேயே இருந்துவிடும். அணி ஜெயித்தால் எல்லாரும் பையைக் கிழித்து எறிய வேண்டும் என்று ஒரு வழக்கமும் உண்டு. அதற்குத்தான் நான்கு வருடமாக வேலை வரவில்லை.

அன்று சீசனின் கடைசி ஆட்டம். லைல் தன் வண்டியை மூன்று தெரு தள்ளி, சோளக் கிடங்குக்குப் பின்னால் மறைவாக நிறுத்தினான். பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து இருபத்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தான். கோட்டுக்குள் துப்பாக்கி இடுப்பைக் குத்தியது.

பக்கத்தில் இருந்த ஆளின் பையில் சிரித்த வாய் ஒன்று வரைந்திருந்தது.

ஹாட் டாக் விற்கும் மார்வெல்லா மூச்சிரைக்க வந்தாள். "சேதி தெரியுமா? காலையில பேங்க்ல கொள்ளை! தலையில பையோட ஒருத்தன் உள்ள வந்திருக்கான். மேட்சுக்குப் போறவன்தானேன்னு கேஷியர் பொண்ணு, 'நல்லபடியா தோத்துட்டு வாங்க'ன்னு வேற சொல்லியிருக்கா. துப்பாக்கிய நீட்டுனப்புறம்தான் அவளுக்கு வெளங்கிச்சாம்."

"ஆள் அடையாளம் ஏதும் தெரிஞ்சுதா?" என்றது சிரித்த பை. பைக்குள்ளிருந்து வந்தால் எல்லார் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் கேட்கும்.

"பழுப்புக் காகிதப் பை. அவ்வளவுதான்."

மூவரும் சுற்றிலும் பார்த்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பழுப்புக் காகிதப் பைகள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தன.

"எங்க போயிடுவான்? ஊர விட்டுப் போக இருக்கிறதே ஒரு பாலம். ஷெரீஃப் அங்க காவல் போட்டுட்டாராம்" என்றாள் மார்வெல்லா.

லைலுக்கு அவளிடம் வாங்கிய ஹாட் டாக் தொண்டையில் சிக்கியது. இருமி முடித்து, "அந்தத் தூங்குமூஞ்சியா பிடிக்கப் போறாரு?" என்றான்.

"ஏன்யா, ரொம்பத் திறமைசாலின்னுல்ல பேசிக்கிறாங்க" என்றது சிரித்த பை.

"யாரு பேசிக்கிறா?"

"பொதுவா... நாலு பேரு."

லைல் பையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். இன்று முகம் வெளியே தெரிந்தால் அவன் கதை முடிந்தது. ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிட வேண்டும். அதற்கு அணி தோற்றாக வேண்டும். முப்பத்தெட்டு தடவை செய்ததை இன்னொரு தடவை செய்ய மாட்டார்களா என்ன?

பாவிகள், அன்று பார்த்து விளையாடினார்கள்.

பத்துக்குப் பத்து. நான்கே விநாடிகள் பாக்கி. ஜெயிக்க வேண்டுமானால் வெட்டுக்கிளிகள் நாற்பது கெஜத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்க வேண்டும். உதைப்பவனோ போன வாரம் சொந்த அணிக்காரனின் முதுகில் உதைத்தவன்.

'கடவுளே, தோத்துடணும்' என்று லைலின் மனம் வேண்டியது. "உதைடா என் ராசா!" என்று அவன் வாய் அலறியது.

பந்து கம்பத்தில் மோதியது. கொஞ்சம் யோசித்தது. உள்பக்கமாக விழுந்தது.

ஒரு விநாடி யாருக்கும் எதுவும் புரியவில்லை. ஜெயித்தால் என்ன செய்வது என்பதே மறந்துபோயிருந்தது. பிறகு மைதானமே கிழிந்தது. காகிதம் பறந்தது. முகங்கள் முளைத்தன. மூன்று மணி நேரமாகப் பக்கத்துப் பையின் கெட்ட வார்த்தைகளைக் கேட்டு முகம் சுளித்த பாதிரியார், திரும்பிப் பார்த்தால் அங்கே அவர் மனைவி! கொள்ளை போன பேங்க்கின் மேனேஜர் அழுதுகொண்டே யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

லைலும் தன்னை மறந்து கைகளைத் தூக்கிக் குதித்தான். கோட்டு விலகியது.

"ஐயோ, துப்பாக்கி!" என்று கத்தினாள் மார்வெல்லா. "இவன்தான்யா அவன்! பையக்கூடக் கழட்டல பாருங்க!"

எல்லாரும் இருபத்து மூன்றாம் வரிசையைப் பார்த்தார்கள். மைதானத்திலேயே அங்கே மட்டும்தான் இரண்டு பைகள் மிச்சம். லைல் இடதுபக்கம் ஓடப் பார்த்தான். சிரித்த பை வலதுபக்கம் ஓடப் பார்த்தது. இருவரும் மோதி விழுந்தார்கள். மார்வெல்லா ஆளுக்கொரு கையாக இரண்டு பைகளையும் பிய்த்தாள்.

"டேய் லைல்!" என்று அலறினார் சிரித்த பைக்காரர். "உன்னையப் பாலத்துலல்லடா காவலுக்கு நிறுத்தினேன்!"

"நீங்க பேங்க்ல கைரேகை எடுத்துக்கிட்டு இருக்கேன்னு சொன்னீங்களே, ஷெரீஃப்!" என்றான் துணை ஷெரீஃப் லைல்.

அதே நேரத்தில், மூன்று மைல் தள்ளி, காவலில்லாத பாலத்தை நிதானமாகக் கடந்துகொண்டிருந்தான், அந்த ஊரில் அன்று ஆட்டம் பார்க்க வராத ஒரே ஆள்.