பார்க்காத ஒருத்தி

"பதினோரு பேர் பார்த்திருக்காங்க. நீ மட்டும் ஏம்மா பார்க்கல?"

விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி கலையரசன் பட்டியலை மேஜையில் போட்டார். மரக்காணம் உப்பளத்து ஷூட்டிங்கில் மயங்கி விழுந்த நடிகையை அந்த அரசு மருத்துவமனைக்குத்தான் தூக்கி வந்தார்கள். அவளுடைய மருத்துவப் பதிவை, கம்ப்யூட்டரைத் தொட உரிமையுள்ள அத்தனை பேரும் திருட்டுத்தனமாகத் திறந்திருந்தார்கள், ரெக்கார்டு கிளார்க் சில்வியாவைத் தவிர.

"பார்க்கக் கூடாதுங்க சார்."

"கதை விடாதம்மா. யாரோட பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்த?"

சில்வியாவுக்குச் சுருக்கென்றது.

"அதுல வெயில் மயக்கம்னு மட்டும்தான் சார் இருக்கும். நம்ம ஆளுங்க குடைவாங்கன்னு தெரிஞ்சுதான், டாக்டரம்மா நிஜ ரிப்போர்ட்டை வேற பேருல ஏத்தச் சொன்னாங்க. ஏத்துனதே நான்தான்."

கலையரசன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தணிந்தது.

"எந்தப் பேருல? அவங்களுக்கு என்னதாம்மா? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சில்வியா பட்டியலைத் தன் பக்கம் இழுத்தாள். பதினோராவது பெயருக்குக் கீழே பன்னிரண்டு என்று போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க இனிஷியல் என்னங்க சார்?"