மரியாதைக்கார அணில்

ஒரு ஆபீஸில் எலியின் வால் பிரிண்டருக்குள் மாட்டிக்கொண்டது. கத்தினால் உள்ளறையில் தூங்கும் மேனேஜர் பூனை எழுந்துவிடும். அதனால் எலி பக்கத்து சீட் அணிலுக்குச் சத்தமில்லாமல் மெயில் போட்டது: "வந்து இழுத்து விடுடா."

அணில் பதறிப்போனது. ஆனாலும் வந்த மெயிலுக்குப் பதில் போடாமல் எழுந்தால் மரியாதையா? "மதிப்பிற்குரிய எலி அவர்களுக்கு" என்று ஆரம்பித்தது.

"டேய் லூசு, கைக்கெட்டுற தூரத்துலதானே இருக்கே!" என்று எலி கிசுகிசுத்தது.

"இருடா, முறையா முடிச்சிட்டு வர்றேன்."

முறை என்றால் எந்தப் பதிலிலும் மேனேஜரையும் சேர்க்கவேண்டும். அணில் சேர்த்து அனுப்பியது. உள்ளறையில் 'டிங்' என்று கேட்டது.

"தகவலுக்கு நன்றி. நானே நேரில் வந்து கவனிக்கிறேன்" என்று பூனை எழுதியிருந்தது.

மேனேஜர் இவ்வளவு சீக்கிரம் பதில் போட்டதே இல்லை. அணிலுக்குப் புல்லரித்துவிட்டது. உள்ளறைக் கதவு திறந்தபோது, அது "மிக்க நன்றி சார்" என்று டைப் அடித்துக்கொண்டிருந்தது.