கன்னத்தில் பட்ட மெருகு

கம்பெனித் தலைவர் குவாபாராவின் வலது கன்னம் பழுத்த பெர்சிமன் பழம்போல் சிவந்து வீங்கியிருந்தது. ஆனாலும் அந்தஸ்து குறையாமல்தான் உட்கார்ந்திருந்தார்.

"இது மெருகுக்குப் பூசுற உருஷி மரப்பால் பட்ட அரிப்பு. புதுசா மெருகு பூசின சாமான் எதையாவது தொட்டீங்களா, தலைவரே?" என்றார் டாக்டர் மிசோகுச்சி.

"ஒரு இங்க் பேனா வந்துச்சு, கூடவே ஒரு சீட்டு. பூச்சு சரியா காயலையாம், கோடை வரைக்கும் தொடக் கூடாதாம். எனக்கே உத்தரவு! எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்."

"கன்னத்தாலயா?"

தலைவர் கூரையைப் பார்த்தார். பேனாக்களுக்கு மெருகு பூசும் தொழிலுக்குப் போன மகளை, 'எனக்கு மகளே கிடையாது' என்று அவர் தலைமுழுகியது ஊருக்கே தெரியும்.

"அவ பூசினது" என்றார் மெல்ல.

"கவலைப்படாதீங்க. பத்து நாள்ல சுவடே இல்லாம போயிடும்."

தலைவர் கன்னத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"பத்து நாள்தானா?"