ஒரு ராத்திரியாவது

"பதினாலு மாடியாம்!" வெண்டல் மேசையைத் தட்டியதில் காபிக் கோப்பைகள் குலுங்கின.

திரையில் காட்டிய படத்தில் ஏரி அப்படியே இருந்தது. கரையோரத்து சைப்ரஸ் மரங்களையும், கூடாரம் போடும் புல்வெளியையும்தான் காணோம். அந்த இடத்தில் கண்ணாடியும் பால்கனியுமாக ஒரு கட்டடம் எழுந்து நின்றது.

கேளிக்கைப் பூங்காவின் ரசிகர் மன்றம் மாதாமாதம் கூடுவது கிஸ்ஸிமி ஊரில் ஒரு பான்கேக் கடையின் பின்கூடத்தில்தான். அன்று பூங்கா நிர்வாகமே ஆள் அனுப்பியிருந்தது. கோல்பி என்று சட்டையில் பெயர் குத்திய இளைஞன். எதைக் கேட்டாலும் சிரித்த முகம், கோபம் ஏறாத குரல்.

பூங்காவுக்குள் ஏரிக்கரையில் இருக்கும் கூடார முகாமில் பாதியை எடுத்துக்கொண்டு டைம்ஷேர் அறைகள் கட்டப்போகிறார்களாம். வருடத்தில் ஒரு வாரத்தை விலைக்கு வாங்கிவிட்டால் ஆண்டாண்டு காலத்துக்கும் அந்த வாரம் நம்முடையதாம்.

"நான் ஏற்கெனவே ஒண்ணு வாங்கியிருக்கேன். இடம் கிடைக்காமத்தான் அல்லாடுறோம். இன்னும் நாலு கட்டட்டுமே!" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"உனக்கென்னய்யா, பால்கனியில உக்காந்து வாணவேடிக்கை பார்ப்பே. பின்னாடி கூடாரத்துல கிடக்குறவன் உன் முதுகைப் பார்த்துட்டுத் தூங்கணும்" என்றார் வெண்டல்.

கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பள்ளிப் பேருந்து ஓட்டியே ஓய்வு பெற்றவர். அவர் சம்பளத்துக்குப் பூங்காவுக்குள் தங்க முடிந்த ஒரே இடம் அந்தப் புல்வெளி. முயல்கள் காலடிக்கே வரும். வானத்தில் வெடிப்பது தண்ணீரிலும் ஒருமுறை வெடிக்கும். அதைப் பார்க்க யாரும் தனியாகக் காசு கேட்டதில்லை. இப்போது அந்த இருட்டையும் அந்த வெளிச்சத்தையும் வாரக்கணக்கில் கூறுபோட்டு விற்கிறார்கள். அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

அப்போது ரோவீனா கை தூக்கினார்.

மன்றக் கூட்டத்தில் ரோவீனா பேசி யாரும் கேட்டதில்லை. அவரைப் பற்றி யாருக்கும் அதிகம் தெரியாது. ஆனால் முகாமைக் காப்பாற்ற வெயிலில் நின்று ஊராரிடம் கையெழுத்து வாங்கியது அவர்தான்.

வெண்டல் ஓடிப்போய் மைக்கை நீட்டினார். "கேளு ரோவீனா. நல்லா உறைக்கிற மாதிரி கேளு."

ரோவீனா எழுந்தார். திரையைப் பார்க்கவில்லை. அந்த இளைஞனை மட்டும் பார்த்தார்.

"அந்த முகாம்ல நீங்க என்னைக்காவது படுத்திருக்கீங்களா? ஒரு ராத்திரியாவது?"

அவன் சிரிப்பு ஒரு நொடி அங்கேயே நின்றது.

"இல்ல மேடம். எனக்கு அந்த வாய்ப்பு கிடைச்சதில்ல."

கூடம் ஓவென்று கூச்சல் போட்டது. வெண்டல் துள்ளி எழுந்துவிட்டார். ஒரு நாள்கூடத் தரையில் படுக்காதவன், தரையில் படுத்தவர்களுக்கு நியாயம் சொல்ல வந்திருக்கிறான்! இதைவிட வேறென்ன வேண்டும்?

"விடாதே. இன்னும் கேளு" என்று கிசுகிசுத்தார்.

ரோவீனா மைக்கை மேசைமேல் வைத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

வெண்டலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பின்னாலேயே போனார். வெளியே தார் கொதித்துக்கொண்டிருந்தது. ரோவீனா தன் காரின் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"என்ன ரோவீனா இது? வாயைக் கொடுத்து வசமா மாட்டிக்கிட்டான். மூஞ்சில கரியைப் பூசி அனுப்பியிருக்கலாம். அப்படியே விட்டுட்டு வந்துட்டியே!"

பதில் வருவதற்குள் கடைக் கதவு திறந்தது. கோல்பி ஓடிவந்தான். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"அம்மா, நில்லும்மா. அத்தனை பேர் முன்னாடி நான் வேற என்னம்மா சொல்றது?"

வெண்டல் அவனைப் பார்த்தார். ரோவீனாவைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே தாடை.

ரோவீனா காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவன் கண்ணாடியோரம் கொஞ்ச நேரம் நின்றான். உள்ளேயிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் போனான்.

வெண்டல் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார். கோபம் இறங்கவில்லை. இனி அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"உன் பையனா? ஒருநாள்கூட அவனை நீ அங்க கூட்டிட்டுப் போனதில்லையா?"

"அவன் ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்ப வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. போக்கிடம் இல்ல. அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கதான் இருந்தோம், ஒரே கூடாரத்துல. பொதுக் குளியலறையில வச்சுத் தலை சீவிவிடுவேன்."

ரோவீனா சாவியைத் திருகவில்லை. அவன் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுமுறைக்கு வந்திருக்கோம்னுதான் அவன்கிட்ட சொல்லி வச்சிருந்தேன், வெண்டல். நம்பிட்டான்னு நினைச்சேன்."